கார்பைடு கல்

மேலப்பாளையத்தில், வெல்டிங் பட்டறையில்,
மீராசா அண்ணன் ஊறுகாய்ப் புட்டி ஒன்றில்
அரைக் கிலோ கார்பைடு போட்டுக் கொடுத்தார்.
"வாழக்கா பழுக்க வைக்கவா புள்ள?"
"இல்லண்ணே, பாசிட்ட ஒரு கேள்வி கேக்கணும்."
என்னை ஒரு பார்வை பார்த்தார்.
மூடியை இன்னொரு சுற்று இறுக்கினார்.

மணிமுத்தாறு செக்போஸ்டில் வனக்காவலர் பூலுடையான்
அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
புட்டியை முகர்ந்து பார்த்தார்.
"வெடிக்காதுல்லா?"

கீழே பள்ளிக்கூடங்களுக்கு மழை விடுமுறை.
ஊத்தில் மழைக்கு விடுமுறை கிடையாது.
குதிரைவெட்டிக்குப் போகும் வழியில்
பெயர் வைக்க யாரும் மெனக்கெடாத ஒரு பள்ளம்;
கால் வைத்தால் ஈர மெத்தைபோல் அமுங்கி
எடுத்ததும் மெல்ல எழும் சதுப்புப் பாசி.
மண்ணில் இருந்த உப்பையெல்லாம் மழை கழுவித்
தாமிரபரணிக்குக் கொடுத்தாயிற்று.
அந்தத் தண்ணீர் பாயும் அம்பாசமுத்திரத்தில்
யூரியா மூட்டைக்கு
ஆதார் அட்டையோடு வரிசை நிற்கிறது.
இங்கே எனக்கு வெறும் அட்டை மட்டும்,
வலது கால் உறைக்குள், மூன்று.

பிறகு பாசி எதைத் தின்று பச்சையாக இருக்கிறது?

லென்சில் பார்த்தால்:
இலையில் அறை அறையாகக் கட்டி
பாதிக்கு மேல் சாகவிட்டிருக்கிறது.
செத்த அறைச் சுவர்களில் வட்ட வட்டமாக ஓட்டை.
நீர் நுழைகிறது; நீரோடு குடித்தனக்காரர்கள்.
முன்பணம் கிடையாது.
வாடகை மட்டும், நைட்ரஜனாக.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான்.
ஆனாலும் அணுவும் அணுவும் மூன்று கை கோத்து நிற்கும்;
மின்னல் வந்து அடித்தால்தான் விடும்.
அந்தப் பிடியை
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
குளிர்ந்த தண்ணீருக்குள் உட்கார்ந்து
அவிழ்த்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு அவிழ்க்கிறது என்று கேட்க ஒரு தந்திரம்.
கார்பைடைத் தண்ணீரில் போட்டேன்.
சீறியது. பூண்டு வாசம்.
வந்த அசிட்டிலினுக்கும் மூன்று கை.
ஊசியில் இழுத்து, ரப்பர் மூடி குத்தி,
பாசி இருந்த புட்டிக்குள் செலுத்தினேன்.
நுண்ணுயிர் ஏமாறும்.
நைட்ரஜன் என்று நினைத்து அதன் ஒரு கையை அவிழ்க்கும்.
எத்திலின் வெளிவரும்;
குடோனில் வாழைத்தாரை மஞ்சளாக்கும் அதே வாயு.
மீராசா அண்ணன் கேட்டது
அப்படியொன்றும் தப்பில்லை.

மேலே வெயில் படும் பச்சைப் பாசி: பதில் வந்தது.
முழங்கை ஆழத்தில், நீருக்கடியில், பழுப்புப் பாசி:
சுழியம்.
மறுநாளும் சுழியம்.
மூன்றாம் நாள் ஊசியை மாற்றினேன்.
சுழியம்.
அடியில் ஆளில்லை என்று
நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கார்த்திகை மாதம், பாளையங்கோட்டை விடுதியில்
கரண்ட் போன ராத்திரி,
போன் வெளிச்சத்தில் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பு.
ஆழத்தில் இருப்பவர்களுக்குச் சோறு வேறு.
சேற்றிலிருந்து குமிழி குமிழியாய் ஏறும் மீத்தேன்.
அதை உண்ட தெம்பில்தான் நைட்ரஜனில் கை வைப்பார்கள்.
அசிட்டிலின் பட்டால்
அவர்களால் மீத்தேனை உண்ண முடியாது.

மூன்று நாள்
வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு
பேசு பேசு என்றிருக்கிறேன்.

கனத்த நைட்ரஜன் வாங்கினால்
யாரையும் ஏமாற்றாமல் கேட்கலாமாம்.
கொட்டேஷன் வந்தது.
திட்டக் கணக்கில் மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம்.

சுழியத்தை அழிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
"இது அவர்கள் சொன்னதல்ல."

புட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று
அண்ணன் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்,
"பழுத்துச்சா?"

"மேல் தார் பழுத்துச்சு.
அடித்தாருக்கு என் புகை ஒத்துக்கல."

"அப்ப புகையத்தான் மாத்தணும்,"
என்று சொல்லி முகமூடியை இறக்கினார்.
நீலமாய் ஒரு தீ பற்றியது.
நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.
மலைப்பக்கம் கறுத்திருந்தது.